உப்பில்லாக் குழம்புப் பாட்டு

பாட்டு பாதியில் மறந்துபோனால் என்ன செய்வது என்று புதிதாக மேடையேறுகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்கிறீர்கள். மறந்தால் மறந்துவிட்டுப் போகிறது. கூட்டத்தைப் பார்த்துச் சிரியுங்கள், கையைத் தட்டச் சொல்லுங்கள், அதற்குள் ஞாபகம் வந்துவிடும். மறந்த பாட்டால் கெட்டுப்போனவனை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு ஆபத்து வந்தது, மிக நன்றாக ஞாபகம் இருந்த ஒரு பாட்டால்தான்.

எங்களுக்கு என்றால் எனக்கும் கருப்பையாவுக்கும். எனக்குச் சொந்த ஊர் தொண்டி. வாப்பாவுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை. தொழில் படிக்க என்னை அங்கே அனுப்பினார். நான் தொழிலை விட்டுவிட்டு ஒரு கித்தாரை மட்டும் படித்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து இறங்கினேன். சுங்கத்துக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, “இது என்ன, வீணையை யாரும் மிதிச்சிட்டாங்களா?” என்று கேட்டார். கருப்பையா திருவாடானைப் பக்கத்துக்காரன். பகலில் வயல் வேலை, திருவிழாக் காலத்தில் உடுக்கையும் பாட்டும். அவன் தொண்டையைத் திறந்தால் மைக் செட்டுக்காரர் ஓடி வந்து சத்தத்தைக் குறைப்பார்.

இரண்டு பேரும் சேர்ந்தது ஒரு கல்யாண வீட்டில். அன்று என் கித்தார்க் கம்பி அறுந்துவிட்டது. ராமநாதபுரம் முழுவதும் தேடினாலும் அந்தக் கம்பி கிடைக்காது. கருப்பையா வெளியே போய், மாப்பிள்ளையின் மச்சான் சைக்கிளில் இருந்த பிரேக் கம்பியைப் பிரித்து ஒரு இழை கொண்டு வந்தான். கித்தார் கிளிப்பிள்ளை மாதிரிக் கத்தியது. கூட்டத்துக்கு அதுதான் பிடித்தது. அந்த மச்சான் பிரேக் இல்லாமல் கண்மாய்க்கரையில் இறங்கி நேரே தண்ணீருக்குள் போனாராம். அதற்குப் பிறகும் அவர் எங்களைத் தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார் என்றால், நாங்கள் எப்படிப் பாடியிருப்போம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, தெம்மாங்கு, எதை எடுத்தாலும் அதற்கு ஒரு கித்தார் போட்டோம். சந்தனக்கூடு, கோவில் கொடை, மாதா கோவில் திருவிழா என்று எல்லா இடத்திலும் எங்களுக்கு அழைப்பு வந்தது. ஆனால் எங்களைப் பெரிய ஆளாக்கியது ஒரே ஒரு பாட்டு.

உப்பூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். எதிரே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உங்களில் பலர் கரைவலை பார்த்திருக்க மாட்டீர்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து இறக்குவார்கள். இரண்டு முனையிலும் நீளக் கயிறு, அந்தக் கயிறு இரண்டும் கரையில். வடக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றில் ஒரு கூட்டம் நின்று இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் பாட்டு. அந்தப் பாட்டுக்கு அம்பா என்று பெயர். அன்று அம்பா சொன்னவர் சவரி அண்ணன். மனிதர் அப்போதைக்கப்போது கட்டிப் பாடினார்:

கடலு பூரா உப்பு இருக்கு – ஏலேலோ
எங்க வீட்டுக் கொழம்புல இல்ல – ஏலேலோ
கட்டிக்கிட்ட பாவத்துக்கு – ஏலேலோ
தொட்டுக்கிட்டேன் ஊறுகாய – ஏலேலோ

இழுத்தவர்கள் சிரித்த சிரிப்பில் வலை தானாகவே கரைக்கு வந்தது போல இருந்தது. கருப்பையாவுக்கு ஒரு தடவை கேட்டால் போதும், நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸுக்குள்ளேயே நான் அதற்குக் கித்தார் போட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டார்.

அந்தப் பாட்டு பரவியதைச் சொல்லி மாளாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பாடினார்கள். வண்டிக்காரர்கள் பாடினார்கள். புது மருமகள் சமைத்தால் மாமனார் வேண்டுமென்றே அதை முணுமுணுத்தார். ராமநாதபுரத்தில் நடக்கவிருந்த ஒரு பொருட்காட்சிக்கு எங்களை ஏற்பாடு செய்த காண்ட்ராக்டர், “மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அந்தக் கொழம்புப் பாட்டு மட்டும் கட்டாயம் வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தப் பொருட்காட்சி வாழ்வா சாவா என்கிற மாதிரி. வாப்பா பொறுமை இழந்துவிட்டார். “ராம்நாட்டுல பெரிய மேடைங்கிற. அதுல பேரு வாங்கிட்டா உன் வழிக்கு நான் வரல. இல்லாட்டி மறுவாரம் கப்பல் ஏறி கடைக்குப் போயிரணும். சம்மதமா?” என்றார். சம்மதம் என்று சொல்லிவிட்டேன். நான் போய்விட்டால் கருப்பையா திரும்பவும் வயலுக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்களில் அவன் உடுக்கையை அடிக்கடி துடைத்து வைத்தான்.

இந்த நேரத்தில்தான் சவரி அண்ணன் ஊரிலேயே, மாதா கோவில் திருவிழாவில் எங்களுக்கு மேடை கிடைத்தது. பொழுது சாயும் நேரம். பாட்டு பிறந்த ஊர், கைதட்டல் கிழியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு முதல் பாட்டாகவே எடுத்துவிட்டோம்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. இரண்டாவது அடிக்கு ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது அடிக்குப் பெண்கள் வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். நேராக மேடைக்கு வந்து மைக்கை ஒரு கையால் பொத்தினார்.

“கொழம்புல உப்பு போடாதவ நான்தாம்ப்பா. நல்லாப் பாத்துக்கங்க” என்றார்.

அவர்தான் பிலோமி அக்கா, சவரி அண்ணனின் மனைவி. அண்ணன் கூட்டத்தில் இருந்த இடம் தெரியவில்லை. பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு தலைப்பாகை மட்டும் தெரிந்தது.

பிலோமி அக்காவுக்குக் கருவாட்டு வியாபாரம். கூடையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் திருவாடானைச் சந்தைக்குப் போவார். எங்கள் பாட்டு பரவிய நாளிலிருந்து அவருக்குச் சந்தையில் நிற்க முடியவில்லை. ‘கருவாட்டுலயாச்சும் உப்பு போட்டியா?’ என்று கேட்பது, ஊறுகாய்ப் பாட்டிலைக் காட்டிச் சிரிப்பது, அவர் தலையைக் கண்டதும் ஏலேலோ போடுவது. விஷயம் எப்படியோ வெளியே வந்து, பாட்டு யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கருவாடு விற்கிறவளைப் பார்த்து உப்பு இல்லை என்றால் யார் வாங்குவார்கள்?

கருப்பையாதான் வாயைத் திறந்தான். “அக்கா, அண்ணன் கடக்கரையில பாடுனதத்தான நாங்க...”

“அவரு கயித்துல நின்னு பாடுனாரு. கயித்துல யாரையும் கேலி பண்ணலாம். சம்மாட்டியவே பண்ணலாம்.” சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். “வலை கரையேறுனா அந்தப் பேச்சும் அங்கனயே மணல்ல விழுந்துரணும். வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. கடைத்தெருவுல பேசக்கூடாது. இந்தக் கரையில சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நீங்க அதை எடுத்துட்டுப் போயி மைக் வச்சுப் பாடியிருக்கீக.”

வயல்காட்டுக்காரன் ஒருவன், ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன். எங்களுக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. நான் பொருட்காட்சியைப் பற்றிச் சொன்னேன். வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். கப்பலைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உடைந்ததைக் கேட்டு முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிலோமி அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. விடிஞ்சதும் வலை இழுக்காக. ரெண்டு பேரும் வந்து ஆளுக்கு ஒரு கயித்துல நின்னு அம்பா சொல்லுங்க. வலை கோணாம வந்துச்சுன்னா பாட்டு உங்களுக்கு, நான் வாயத் திறக்கல. கோணுச்சுன்னா அந்தப் பாட்ட இனி எங்கயும் பாடக்கூடாது.”

“இம்புட்டுத்தானா?” என்றான் கருப்பையா. அவன் அப்படித்தான்.

காலையில் ஊரே கரையில் நின்றது. எங்களுக்கு அது இன்னொரு மேடை மாதிரி இருந்தது, அங்கேதான் சனியன் பிடித்தது. நான் கழுத்தில் கித்தாரை மாட்டிக்கொண்டு தெற்குக் கயிற்றில். கருப்பையா வடக்குக் கயிற்றில், கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அதிகம். அதுவரை நாங்கள் ஒரு மைக்குக்கு இரண்டு தலை வைத்துப் பாடியவர்கள். அவன் மூச்சு வாங்குவது என் காதில் விழும், அதை வைத்துத்தான் நான் அடுத்த அடி எடுப்பேன். இன்றைக்கு அவன் எனக்கு ஒரு புள்ளி மாதிரித் தெரிந்தான்.

ஆரம்பம் பிரமாதம். என் பக்கம் எல்லாம் வாலிபப் பையன்கள். கித்தாரைக் கேட்டதும் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை. பாட்டு சூடு பிடிக்கப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவது எங்கள் மேடைப் பழக்கம். கூட்டினேன். பையன்கள் ஆடிக்கொண்டே இழுத்தார்கள். அங்கே கருப்பையா, கடலைப் பார்த்ததும் சொக்கிப்போய், ஒவ்வொரு ஏலேலோவையும் ரப்பராக இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, தெக்குக் கயிறு ஓடுது! வலை கோணுதுலே!” என்று சம்மாட்டி கத்தினார்.

நான் வேகத்தைக் குறைத்தேன். அதே நேரத்தில் கருப்பையா என்னைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினான். இப்போது வடக்குக் கயிறு ஓடியது. அவன் பதறிப்போய்க் குறைத்தான். நானும் பதறிப்போய்க் கூட்டினேன். கடலில் வலையின் மிதப்புக் கட்டைகள் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று தலையாட்டின. கரையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சம்மாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். உள்ளே மாட்டிய மீன் எல்லாம் எந்தப் பக்கம் வாசல் திறக்கிறதோ அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, மேடையில் எது நடந்தாலும் சத்தத்தை நிறுத்தாதே என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் பலருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். அன்று என் விரல் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அடிக்க அடிக்க வலை கெடுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. இன்னும் நாலு அடி பாடினால் பாட்டும் போகும், அந்த ஊரின் ஒருநாள் சோறும் போகும். நான் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அமைதியைப் போல ஒரு பயத்தை நான் எந்த மேடையிலும் பட்டதில்லை. இதற்குள் நெருங்கி வந்திருந்த வடக்குக் கயிற்றில் கருப்பையாவும் வாயை மூடியது தெரிந்தது. அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே புரிந்துகொண்டான். அதற்காகவே அவனோடு இன்னொரு ஜென்மம் பாடலாம்.

ஆனால் பாட்டு இல்லாமல் கயிற்றைப் பிடித்து நிற்க முடியாது. அலை உள்ளே இழுக்கிறது. கயிறு பையன்களின் கையில் வழுக்க ஆரம்பித்தது. அப்போது என் பக்கத்தில் ஒரு கூடை பொத்தென்று விழுந்தது. பிலோமி அக்கா சேலையைச் செருகிக்கொண்டு தெற்குக் கயிற்றில் கை வைத்தார். சந்தை இரைச்சலுக்கு மேலே கருவாடு விற்ற குரல் அது. வடக்குக் கயிற்றின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

கித்தார்க்காரன் ஒருத்தன் வந்தான் – ஏலேலோ
கெட்டிக்காரன் போல நின்னான் – ஏலேலோ
கயித்தப் பிடிக்கத் தெரியாம – ஏலேலோ
கம்பியப் பிடிச்சு நிக்கிறானே – ஏலேலோ

இரண்டு கயிறும் ஒன்றாக அசைந்தன. அவர் வடக்கே திரும்பினார்.

உடுக்கைக்காரன் அங்கன நிக்கான் – ஏலேலோ
ஒடம்பு மட்டும் வளந்திருக்கான் – ஏலேலோ
ரெண்டு கழுதை கத்துதுன்னு – ஏலேலோ
நெண்டு எல்லாம் ஓடுது பார் – ஏலேலோ

கரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. சம்மாட்டி எழுந்து வந்து தானும் கயிற்றைப் பிடித்தார். நான் கித்தாரை மணலில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். என்னைக் கழுதை என்று பாடுகிற பாட்டுக்கு நானே ஏலேலோ போட்டு இழுத்தேன். உள்ளங்கை உரிந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலை நேராகிவிட்டது, அப்படியே கரையேறியது. வலையின் மடிப்பையில் கொஞ்சம் நெத்திலி, யாரும் வாங்காத சொறிமீன் நிறைய, திகைத்துப்போன நண்டுகள் சில.

கருப்பையா ஓடி வந்தான். “அக்கா! வலை கோணாம வந்துருச்சுல்ல? அப்ப பாட்டு எங்களுக்குத்தான?”

நான் அவன் காலை மிதித்தேன். ஊரே எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாப்பா, கப்பல், ஜவுளிக்கடையில் முழம் போடுகிற கட்டை, எல்லாம் கண்முன்னால் வந்தது. “இல்ல அக்கா. எங்க பாட்டுல வலை கோணுச்சு. உங்க பாட்டுலதான் வந்துச்சு. கொழம்புப் பாட்ட விட்டுட்டோம்” என்றேன்.

சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தேன். அழுகை முட்டியது. பக்கத்தில் கருப்பையாவின் தோள் குலுங்கியது. அவனும் அழுகிறான் என்று தட்டிக்கொடுக்கத் திரும்பினால், அந்தப் பாவி சிரித்துக்கொண்டிருக்கிறான். “ரெண்டு கழுதை கத்துதுன்னு... நெண்டு எல்லாம்... டேய் சுலைமானு, இதுக்கு உடுக்கை போட்டா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரேன்!”

நினைத்துப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

ஆனால் அதுவும் கயிற்றில் பிறந்த கேலிதான். மணலில் விழுந்துவிட வேண்டிய பேச்சு. நான் எழுந்து போய், “அக்கா, கேலிக்கு ஆளானவனே வந்து கேட்டா அந்தப் பாட்டக் கொடுப்பீகளா?” என்று கேட்டேன்.

சம்மாட்டி சவரி அண்ணனைப் பார்த்தார். சவரி அண்ணன் காதைச் சொறிந்தார். “இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே” என்றார்.

“என்னையத்தான் ஒருத்தரும் கேக்கல” என்றார் பிலோமி அக்கா. அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். அண்ணன் இந்தத் தடவை வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அக்கா கூடையை எடுத்துத் தலையில் வைத்தார். “கேட்டுட்டீகள்ல, எடுத்துட்டுப் போங்க. எங்க பாடுனாலும் கட்டுனது யாருன்னு மொதல்ல சொல்லிட்டுத்தான் பாடணும்.”

பொருட்காட்சியில் நான் மைக்கைப் பிடித்து, “இந்தப் பாட்டைக் கட்டியவர் பிலோமி அக்கா” என்றேன். அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. யார் அது என்று கூட்டம் முணுமுணுத்தது. பாடினோம். ராமநாதபுரமே எங்களைப் பார்த்துச் சிரித்தது. பாட்டுக்குச் சிரித்து நான் கேட்டிருக்கிறேன். மேடையில் நிற்கும்போது ஒரு கூட்டமே என் முகத்தைப் பார்த்துச் சிரித்து அன்றுதான் கேட்டேன். காது மடல் சுட்டது. திருவாடானைச் சந்தையில் அந்த அக்கா இதை எப்படித் தாங்கினார் என்று நினைத்ததும் அடுத்த அடியை விட்டுவிட்டேன். எனக்காவது கையில் கித்தார் இருந்தது, அவர் தலையில் கூடைதான் இருந்தது. கருப்பையா என்னைப் பார்த்துவிட்டு, என் அடியையும் சேர்த்துத் தானே பாடிக் கரை சேர்த்தான். மறுபடியும் மறுபடியும் பாடச் சொன்னார்கள். காண்ட்ராக்டர் மேடைக்குப் பின்னால் வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். வாப்பா கப்பல் பேச்சை அதோடு விட்டார்.

பாட்டை எங்கே எடுத்தாலும் கேட்டு எடுங்கள், கட்டியவர் பேரைச் சொல்லுங்கள் என்று நான் உங்களை நச்சரிப்பதற்கு இதுதான் காரணம். ஏன் என்று கேட்பவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த சந்தைக்கு நாங்கள் இரண்டு பேரும் திருவாடானைக்குப் போனோம். அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் கடைக்கு முன்னால் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டைக் கிளறிக்கொண்டிருந்தான். நாங்கள் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியாது.

“நீங்கதான அந்த உப்பில்லாக் கொழம்பு...” என்று பல்லைக் காட்டினான்.

“ஆமாய்யா, நான்தான்” என்றார் பிலோமி அக்கா. “அந்த ரெண்டு பாட்டுக்காரப் பயலுகளையும் கழுதைன்னு பாட்டுக் கட்டுனவளும் நான்தான். இப்ப உனக்குக் கருவாடு வேணுமா, இல்ல உன் மேல ஒரு பாட்டு வேணுமா?”

அவன் பேரம்கூடப் பேசாமல் கருவாடு வாங்கிக்கொண்டு போனான்.